சாதாரண முயற்சி

காரை விட்டு இறங்கும்போதே லதீஸ் பென்சில் இருக்கிறதா என்று சட்டைப்பையை இரண்டு தரம் தடவிப் பார்த்தான். விளையாடப் போவது அவன் இல்லை, அவன் மனைவி துவாரகா. அவன் செய்யப் போவதெல்லாம் கூடாரத்து நிழலில் ஒரு மடக்குக் கதிரையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவதுதான். ஆனால் அந்தப் பென்சில்தான் நாலு மாதமாக அவனை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

வீடு இருக்கிற ரோவிலில் இருந்து மைதானத்துக்குக் காரில் பதினைந்து நிமிட ஓட்டம். துவாரகா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிச் சிக்னலில் நிற்கும்போது மட்டும் வாய் திறந்தாள்.

"இப்ப எவ்வளவு?"

"இருநூற்று எண்பத்து மூண்டு."

"எத்தினை ஹிட் வேணும்?"

"மூண்டு தரம் அடிக்க நிண்டா ரெண்டு. நாலு தரம் நிண்டாலும் ரெண்டு காணும்."

"ஓம்," என்றாள். அவ்வளவுதான்.

பேஸ்போல் தெரியாதவர்கள் இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். அடித்த பந்தால் முதல் தளத்தைப் பத்திரமாக எட்டுவது ஹிட். அடிக்க நின்ற தடவைகளால் ஹிட்டுகளைப் பிரித்தால் வருகிற சராசரி அது. பத்துத் தடவை நின்று மூன்று ஹிட் என்றால் தசம் மூன்று பூச்சியம் பூச்சியம். தசத்தை விழுங்கிவிட்டு முந்நூறு என்பார்கள். பத்தில் ஏழு தடவை தோற்றுப்போகிறவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் விளையாட்டு அது. துவாரகா இந்தப் பருவத்தில் நாற்பத்தாறு தடவை நின்று பதின்மூன்று ஹிட் அடித்திருந்தாள். புத்தகம் அப்படித்தான் சொன்னது. புத்தகத்தை எழுதியவன் லதீஸ்.

இன்று பருவத்தின் கடைசி ஆட்டம். மாநிலப் பெண்கள் அணிக்கு ஆட்களைத் தெரிவு செய்கிற மெரடித் இன்று நேரில் வருகிறாள். மார்ச்சில் சிட்னியில் தெரிவு முகாம். அதற்கு அவள் கோடு கிழித்துவிட்டாள்: முந்நூறும் அதற்கு மேலும். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றாலும் நன்றி, போய் வாருங்கள். துவாரகாவுக்கு வயது முப்பத்தொன்று. கிளென் வேவர்லியில் மருந்துக்கடையில் வேலை. பயிற்சிக்காக வருடம் முழுக்க சனிக்கிழமை வேலையை யார் யாரிடமோ கெஞ்சி மாற்றிக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பொது விடுமுறைகளையெல்லாம் கடையில் கழித்தவள். பள்ளிக்கூடத்தில் எல்லே என்கிற மட்டையடி விளையாட்டு விளையாடிய கை. பேஸ்போல் மட்டையை முதல் தரம் பிடித்த அன்றே பந்து வேலிக்குப் போய் விழுந்தது. சிட்னி முகாம் என்பது அவள் வாயால் சொல்லிக் கேட்ட ஒரே ஆசை. அதையும் ஒரு தடவைதான் சொன்னாள்.

லதீஸ் ஸ்கோர் எழுத வந்த கதை ஒரு கூத்து. யாழ்ப்பாணத்தில் கல்லூரிக் கிரிக்கெட் அணிக்கு மூன்று வருடம் ஸ்கோர் எழுதியவன். கழகத்தில் எழுத ஆளில்லை என்றதும் இது என்ன பெரிய வித்தை என்று கையைத் தூக்கிவிட்டான். கிரிக்கெட்டில் களத்தில் நிற்பவன் பந்தைக் கைக்குள் வைத்து நழுவவிட்டாலும் ஓட்டம் அடித்தவனுக்குத்தான். அதே பழக்கத்தில் முதல் ஆட்டத்தில், எதிரணிக்காரி காலுக்கிடையால் விட்ட பந்துக்கும் துவாரகாவுக்கு ஹிட் என்று எழுதிவிட்டான். பேஸ்போலில் அப்படி இல்லை. களத்தில் நிற்பவள் சாதாரண முயற்சியில் பிடித்திருக்க வேண்டிய பந்து என்றால், அது எரர், அவள் பெயரில் எழுதப்படுகிற பிழை. அடித்தவள் முதல் தளத்தில் பத்திரமாக நின்றாலும் அவளுக்கு அது தோல்விக் கணக்கு. எது சாதாரண முயற்சி, எது இல்லை என்று தீர்மானிப்பது சொந்த மைதானத்து ஸ்கோரர். அவன் சொன்னால் சொன்னதுதான்.

லீக்கில் இருந்து பிழை திருத்தி மின்னஞ்சல் வந்தது. கழகத்துப் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதன் பிறகு யாராவது சொத்தைப் பந்தை அடித்துத் தப்பினால் பெஞ்சில் இருந்து "அது லதீஸ்" என்று கத்துவார்கள். மனைவிக்குக் கணவன் கொடுக்கிற அன்பளிப்பின் பெயர் லதீஸ். அவர்கள் பகிடிக்குத்தான் சொன்னார்கள். அவனுக்கோ அன்று காதுமடல் சுட்டது இன்னும் ஆறவில்லை.

கூடாரத்தில் மேசைக்கு மறுபக்கம் யுவனேஸ்வரி ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரணியின் ஸ்கோரர். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற பழக்கம். அவருடைய மகள்தான் எதிரணியின் ஷோர்ட்ஸ்டொப், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவில் நிற்பவள். புத்தகத்தில் அந்த இடத்துக்கு இலக்கம் ஆறு.

"வாங்க தம்பி. ஏன் முகம் இப்படி இருக்கு? வெயிலா?"

"ஓமக்கா, வெயில்தான்."

வடக்குக் காற்று அடுப்புக்குள் இருந்து வருவது மாதிரி வந்துகொண்டிருந்தது. ஆனால் காரணம் அது இல்லை. கூடாரத்துக்குப் பின்னால், அவன் தோளுக்கு மேலால் புத்தகம் தெரிகிற தூரத்தில், மெரடித் பலகையில் தாளைக் கவ்வி வைத்துக்கொண்டு நின்றாள்.

முதல் தடவை துவாரகா அடித்த பந்து நேராக மேலே போய் நேராகக் கைக்குள் விழுந்தது. அவுட். இருநூற்று எழுபத்தேழு. லதீஸ் எழுதிவிட்டுத் தண்ணீர் குடித்தான்.

இரண்டாம் இன்னிங்ஸில் ஜோர்ஜியா அடிக்க வந்தாள். துவாரகாவின் அணிதான். தரையோடு தரையாகப் போன பந்து ஷோர்ட்ஸ்டொப்பின் இடப்பக்கம் பாய்ந்தது. யுவனேஸ்வரியின் மகள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கையுறையின் நுனியால் தொட்டாள். பந்து தட்டுப்பட்டு விலகி ஓடியது. ஜோர்ஜியா முதல் தளத்தில். லதீஸ் ஹிட் என்று எழுதினான். யோசிக்கவே இல்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது?

மூன்றாம் இன்னிங்ஸில் பந்து வீசுகிற பிட்சர் நாலு பந்தையும் வெளியே வீசி, துவாரகாவை அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடக்கவிட்டாள். அது சராசரிக் கணக்கில் சேராது. இன்னும் இரண்டு தடவை கிடைக்கலாம். இரண்டும் ஹிட்டாக வேண்டும்.

அதே இன்னிங்ஸில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. எங்கோ மெதுவாக உருண்டு வந்த பந்து யுவனேஸ்வரியின் மகளின் கையில் இருந்து நழுவியது. லதீஸ் பென்சிலைத் தூக்கிக்கொண்டு மரியாதைக்காக ஒரு கணம் தயங்கினான். யுவனேஸ்வரி தன் புத்தகத்தில் எரர் என்று எழுதிவிட்டு மகளின் இலக்கத்தையும் பக்கத்தில் போட்டார்.

"என்ன பாக்குறீங்க? ஆறாம் நம்பர் விட்டுச்சு, எழுதுங்க. வீட்டுக்குப் போய்த்தான் அது என் மக."

லதீஸ் எழுதினான். ஏனோ பென்சில் வழுக்கியது.

நாலாம் இன்னிங்ஸில் துவாரகா அடித்தது எந்த வழக்கும் இல்லாத ஹிட். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலால் போய்ப் புல்லில் விழுந்து உருண்டது. மெரடித் ஏதோ குறித்துக்கொண்டாள். நாற்பத்தெட்டில் பதினான்கு. இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு. இனி ஒரே ஒரு தடவை. ஹிட் அடித்தால் முந்நூற்று ஆறு. இல்லாவிட்டால் இருநூற்று எண்பத்தாறு. துவாரகா தளத்தில் நின்று கூடாரப் பக்கம் பார்த்தாள். லதீஸ் புத்தகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

ஐந்தாம் இன்னிங்ஸ் இடைவேளையில் யுவனேஸ்வரி எதையோ தேடிப் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"தம்பி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். டிசம்பர்ல இங்க ஆடினோமே, அதுல உங்க ஒன்பதாம் நம்பர் அடிச்ச பந்துக்கு எரர்னு போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

ஒன்பதாம் நம்பர் துவாரகா. "ஓம், ஞாபகம் இருக்கு."

"நான் ஹிட்னு போட்டிருக்கேன். என் மக அந்தப் பந்தைத் தொடக்கூட இல்ல லா. அன்னைக்கே கேட்டிருப்பேன். மக சம்பந்தப்பட்ட விஷயமாச்சே, அவளைக் காப்பாத்தறதுக்குப் பேசறேன்னு நீங்க நெனைப்பீங்கன்னு விட்டுட்டேன்."

லதீஸ் அவருடைய பக்கத்தைப் பார்த்தான். சுத்தமான சின்ன எழுத்து. அந்தப் பந்து அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அடித்தவுடன் பெஞ்சில் யாரோ "லதீஸ்" என்று கத்தினார்கள், எல்லோரும் சிரித்தார்கள், அவன் எரர் என்று எழுதினான். சிரிப்பு அடங்கியதும் தன் நேர்மையை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டான். கூத்தைப் பாருங்கள்.

"அந்தப் புத்தகம் கையெழுத்து வச்சு மூடியாச்சு அக்கா," என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

"தெரியும். சும்மா கேட்டேன்."

சும்மா கேட்டது அவன் நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது. டிசம்பர் மட்டும்தானா? நவம்பரில் மழை தூறிய அன்று ஒன்று. புது வருடத்துக்குப் பிறகு ஒன்று. அவள் அடித்தபோதெல்லாம் எதிரில் நின்றவர்கள் அவன் கண்ணுக்கு மகா கெட்டிக்காரிகளாகத் தெரிந்தார்கள். இதை யாரும் பிடித்திருப்பார்களே, அதையும் பிடித்திருப்பார்களே என்று. மற்றவர்கள் அடித்தபோது அப்படி ஒரு நாளும் தோன்றவில்லை. இதை அவன் இதுவரை ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்கப் பயம் என்பதுதான் சரி.

ஆறாம் இன்னிங்ஸ். துவாரகாவின் அணி ஐந்து ஓட்டம் முன்னால் நின்றது. ஆட்டம் முடிந்த மாதிரித்தான். அங்கிருந்தவர்களில் மூன்று நாலு பேருக்கு மட்டும் அது இன்னும் முடியவில்லை.

துவாரகா வந்து நின்றாள். முதல் பந்தை விட்டாள். இரண்டாவதை வீசித் தவறவிட்டாள். லதீஸின் கையில் பென்சில் ஈரமாகிவிட்டது. மெரடித் ஒரு அடி முன்னுக்கு வந்தாள். அவள் வெயிலுக்குப் பூசிய கிறீமின் வாசனைகூட அவனுக்கு அடித்தது. மூன்றாவது பந்து.

மட்டையில் பட்ட சத்தம் சுத்தமாகக் கேட்டது. பந்து தரையோடு தரையாக ஷோர்ட்ஸ்டொப்பின் இடப்பக்கம் பாய்ந்தது. யுவனேஸ்வரியின் மகள் விழுந்தாள். கையுறை நுனியில் பட்டது. விலகி ஓடியது. துவாரகா முதல் தளத்தைத் தாண்டி ஓடி நின்றாள்.

"அது லதீஸ்!" என்று பெஞ்சில் இருந்து ஒரு குரல். கூடவே சிரிப்பு.

லதீஸ் குனிந்துகொண்டான். கை எழுதிவிட்டது. எரர். ஆறு. மனது வந்து சேர முதலே கை எழுதிவிட்டது. நாலு மாதப் பழக்கம்.

"என்ன கொடுத்தீர்கள்?" என்று மெரடித் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எரர்."

அவள் தலையாட்டிவிட்டுப் பலகையைத் திருப்பினாள். பெயர்ப் பட்டியலில் பேனா மேலிருந்து கீழே இறங்கியது. லதீஸ் யுவனேஸ்வரியைப் பார்த்தான். அவர் எழுதி முடித்துவிட்டு மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறார் என்பது தெரிந்தது.

அவன் தன் புத்தகத்துக்குத் திரும்பினான். ஒரே பக்கம். துவாரகாவின் கட்டத்துக்கு இரண்டு வரி மேலே ஜோர்ஜியாவின் கட்டம். அதே ஷோர்ட்ஸ்டொப், அதே பக்கம், அதே பாய்ச்சல், கையுறையின் அதே நுனி. அங்கே ஹிட். இங்கே எரர். இரண்டையும் எழுதியது ஒரே பென்சில். ஜோர்ஜியா அடித்ததைப் பிடிக்க அந்தப் பெண்ணுக்கு அசாதாரண முயற்சி வேண்டியிருந்தது. துவாரகா அடித்ததைப் பிடிக்க மட்டும் சாதாரண முயற்சி போதுமா?

மாற்றினால் என்ன சொல்வார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். மனைவிக்கு ஒரு ஹிட் தேவை, கணவன் எரரை அழித்து ஹிட் எழுதினான், அதுவும் தெரிவாளரின் கண் முன்னால். 'லதீஸ்' என்ற சொல் இந்தக் கழகத்தில் சாகாவரம் பெற்றுவிடும். மெரடித்தின் பேனா துவாரகாவின் பெயருக்கு வந்து நின்றது.

"பொறுங்கள்," என்றான் லதீஸ். "நான் அதை மாற்றுகிறேன்."

பேனா தாளைவிட்டு எழும்பியது. மெரடித் அவனை நன்றாகப் பார்த்தாள். "நீங்கள் அவளுடைய கணவர், இல்லையா?"

"ஓம்," என்றான், பதற்றத்தில் தமிழிலேயே. பிறகு ஆங்கிலத்தில் சொன்னான். "கணவன்தான். அதனால்தான் முதலில் எரர் என்று எழுதினேன்."

அவன் இரண்டு கட்டங்களையும் விரலால் தொட்டுக் காட்டினான். "இரண்டாம் இன்னிங்ஸில் ஜோர்ஜியா அடித்ததும் இதே பந்துதான். அதற்கு நான் யோசிக்காமல் ஹிட் கொடுத்தேன். இது எரர் என்றால் அதுவும் எரர். அது எரர் இல்லை."

பெஞ்சில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அங்கே எவ்வளவு கேட்டதோ தெரியாது. மெரடித் யுவனேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். அவர் தன் புத்தகத்தை மேசையில் திருப்பி வைத்தார். இரண்டு கட்டத்திலும் ஹிட். மூன்றாம் இன்னிங்ஸில் சொந்த மகளுக்குப் போட்ட எரரும் அதே பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது. மெரடித்தின் கண் அதில் கொஞ்ச நேரம் தங்கியதை லதீஸ் கண்டான்.

"உங்கள் மைதானம், உங்கள் தீர்ப்பு," என்றாள் மெரடித். "மாற்றுங்கள். பக்கத்தில் கையெழுத்து வையுங்கள்."

அவன் அழிறப்பரை எடுக்கவில்லை. எரரின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் ஹிட் என்று எழுதிக் கையெழுத்து வைத்தான். கிழித்த கோடு எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தான். வெட்கமாகவும் இருந்தது, விடுதலையாகவும் இருந்தது. ஆட்டம் முடிந்ததும் மெரடித் பருவத் தாளை வாங்கிக் கொண்டாள். நாற்பத்தொன்பதில் பதினைந்து, முந்நூற்று ஆறு. கடிதம் புதன்கிழமைக்குள் வரும் என்றாள்.

கார் தரிப்பிடத்துக்கு அவன் வந்தபோது துவாரகா டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு காலணியை மாற்றிக்கொண்டிருந்தாள். மெரடித் அவளிடம் இன்னும் வரவில்லை. அவள் முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கடை பூட்டுகிற நேரத்து முகம்.

"வெளிக்கிடுவமோ?" என்றாள்.

அவளுடைய தலைக்கவசம் பையின் மேல் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தூக்கி உள்ளே வைக்கப் போனவன் நின்றான். உட்பக்கத்தில் ஒரு வெள்ளை லேபிள் ஒட்டியிருந்தது. மருந்துப் போத்தலில் ஒட்டுகிற லேபிள். நோயாளியின் பெயர் வருகிற இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்தில் திகதிகள். நவம்பரில் இரண்டு. டிசம்பரில் ஒன்று. ஜனவரியில் ஒன்று. ஐந்தாவது இன்றைய திகதி. மை இன்னும் புதிதாக இருந்தது.

"இது என்ன?"

"நீங்கள் எரர் எண்டு எழுதின என்ர ஹிட்டுகள்."

கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாத மனது, அந்த நேரத்திலும் பார்த்தது. இன்றைய ஹிட் ஏற்கெனவே கணக்கில் இருந்தது; பதினைந்தும் மற்ற நாலும் பத்தொன்பது. நாற்பத்தொன்பதில் பத்தொன்பது.

"முந்நூற்று எண்பத்தெட்டு," என்றான்.

"தெரியும்," என்றவள், பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இல்லை. இண்டையான் எரரையும் ஹிட் எண்டு சேர்த்தாத்தான் முந்நூற்று எண்பத்தெட்டு. நீங்கள் சேர்த்தோ பாக்கிறீங்கள்?"

அவன் லேபிளை விரலால் தடவினான். "நீர் ஏன் ஒரு நாளும் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னா சலுகை கேக்கிறன் எண்டு நினைச்சிருப்பீங்கள். நான் சலுகை கேக்கேல்லை. ஜோர்ஜியாக்குக் குடுக்கிறதை எனக்கும் தாங்கோ எண்டு கேக்கிறது சலுகையோ?"

"இல்லை."

"ஆறாம் இன்னிங்ஸில தளத்தில நிண்டு பாத்தனான். நீங்கள் குனிஞ்ச விதத்திலேயே தெரிஞ்சுது எரர்தான் எண்டு. உள்ளுக்கு வந்த உடனே எழுதிப்போட்டன்."

"எரர்தான் போட்டனான்," என்றான் லதீஸ். "பிறகு வெட்டிப்போட்டு ஹிட் எண்டு எழுதினனான். மெரடித்துக்கு முன்னால. முந்நூற்று ஆறு."

தூரத்தில் மெரடித் பலகையோடு இந்தப் பக்கமாக நடந்து வருவது தெரிந்தது. துவாரகா கையை நீட்டினாள். கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டான்.

"பென்சிலைத் தாங்கோ."

காதில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். அவள் தலைக்கவசத்தை முழங்காலில் வைத்து, ஐந்தாவது திகதியின் மேல் நேராக ஒரு கோடு கிழித்தாள். பிறகு பென்சிலை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மெரடித்தை நோக்கி நடந்தாள்.

லேபிளில் மற்ற நாலும் அப்படியே இருந்தன.